கழுதைப் படம் போட்ட ரசம்

ஒயின் விஷயத்தில் நான் பெரிய ஆள் என்ற பெயரை ஒரே ஒரு பொய்யில் சம்பாதித்தேன். கடலூர் முதுநகரில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த சமயம் அது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பேச்சு பாண்டிச்சேரிப் பக்கம் திரும்பியது. நம் பக்கத்தில் மதுவிலக்கு. எல்லையைத் தாண்டினால் பாண்டியில் கடை கடையாகப் பாட்டில். "ஒயினெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு" என்று சொல்லிவைத்தேன். தயிர்சாதம் தொண்டையில் சிக்கியிருந்தால் அன்றைக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

உண்மையில் நடந்தது வேறு. நான் பாண்டிக்குப் போனது நிஜம். கடை வாசல்வரை போனதும் நிஜம். "என்னா வேணும் தம்பி?" என்று கடைக்காரர் கேட்டார். "மணி என்னாங்க?" என்று கேட்டுவிட்டு, பன்னீர் சோடா குடித்து, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இந்தப் பொய்யை முழுசாக நம்பியவர் ஒருவர்தான்: நைனா முகம்மது பாய். கப்பல்களுக்குச் சாமான் போடுகிறவர். நம் துறைமுகத்தில் கப்பல் கரைக்கு வராது. ஒரு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். இரும்புத்தாது ஏற்றிப்போகும் தோணிகளோடு பாயின் தோணியும் போகும், ஆடு, கோழி, முட்டைக்கோஸ், குடிதண்ணீர் சகிதமாக. நல்ல வியாபாரி. ஒரே ஒரு குறை, பொய் சொல்ல வராது. முட்டைக்கோஸ் முந்தாநாள் வந்தது என்றால், முந்தாநாள் என்றே கப்பல்காரனிடம் சொல்லுவார். தனக்கு வராத கலை பிறருக்கும் வராது என்று நினைத்து, நான் சொன்னதையெல்லாம் நம்பினார்.

அறுபத்து நான்காம் வருஷம், ரம்ஜான் மாதத்தில் ஓர் இத்தாலிக் கப்பல் வந்தது. அதில் ஆல்பினோ என்று வயதான என்ஜினீயர். அவருக்குக் கடுங்காய்ச்சல். கரைக்குக் கொண்டுவந்து எங்கள் ஆபீஸ் மாடியில் படுக்கவைத்தோம். ரொட்டியைக் கண்டாலே வாந்தி எடுத்த மனுஷனுக்கு, பாயின் மனைவி சைதுன் பீவி காய்ச்சிய நோன்புக் கஞ்சி மட்டும் இறங்கியது. ஐந்து நாள் தூக்குத் தூக்காகக் கஞ்சி வந்தது. ஆறாம் நாள் ஆல்பினோ எழுந்து, மீசையை முறுக்கிக்கொண்டு, கப்பலுக்குப் போய்விட்டார். விடைபெற்று வரப்போன பாயின் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்தார்.

மங்கிப்போன லேபிளில் ஒரு கழுதைப் படம். அடியில் 1934 என்று அச்சு.

"எங்க அப்பா போட்ட ஒயின் இது. அந்தக் கழுதை எங்க வீட்டுக் கழுதை" என்றாராம் ஆல்பினோ. "இப்ப தோட்டமே கிடையாது. அப்பா போனதும் அண்ணன் அத்தனை கொடியையும் புடுங்கிட்டு மக்காச்சோளம் போட்டுட்டான். இனிமே இது யாரும் போடப்போறதில்ல. மிச்சம் ரெண்டே பாட்டில். ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு."

"நாங்க குடிக்கிறதில்லியே" என்று பாய் நெளிந்திருக்கிறார்.

"நீ நோன்பு இருந்துக்கிட்டே எனக்குக் கஞ்சி ஊத்தலியா? நீ குடிக்க வேணாம். யாருக்காவது குடு. எப்படி இருந்துச்சுன்னு கேட்டு வை. அடுத்த தடவை வர்றப்ப நீதான் எனக்குச் சொல்லணும். எனக்குத் தனியா அதைத் தொறக்க மனசு வரல."

சொல்கிறேன் என்று பாய் வாக்குக் கொடுத்துவிட்டார்.

கரையில் கேட்டில் இருந்த காவலாளி, "என்னா பாய் கையில?" என்று கேட்டான்.

"ஒயின்" என்றார் பாய்.

அவன் இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தான். "நல்லா சொன்னீங்க! போங்க, போங்க!"

வீட்டில் அந்த மரியாதை கிடைக்கவில்லை. "அந்த ஹராமைத் தூக்கிட்டு வாசப்படி ஏறுனீங்க, நான் அத்தா வூட்டுக்குப் போயிடுவேன்" என்று சைதுன் பீவி சொல்லிவிட்டார்கள். ஆகவே பாட்டில் குடோனுக்குப் போய், வைக்கோலுக்கு அடியில் படுத்துக்கொண்டது. சித்திரை, வைகாசி, ஆனி என்று நம்மூர் வெயிலையெல்லாம் அங்கேயே பார்த்தது.

ஆடி மாதத்தில் தந்தி வந்தது: அதே கப்பல், அடுத்த வாரம் புதன்கிழமை வருகிறது. தந்தியை நான் டைப் அடித்து முடிப்பதற்குள் பாய் ஒரு துணிப்பையோடு என் மேஜைக்கு எதிரில் நின்றார்.

"மச்சான், இந்த ஊர்லயே எனக்குத் தெரிஞ்ச ஒயின் ஆளு நீ ஒருத்தன்தான்."

"பாய், அது வந்து..."

"நான் வாக்குக் குடுத்துட்டேன். நீ குடிச்சுப் பார்த்து எப்படின்னு ஒரு வார்த்தை சொன்னா, அதை அப்படியே அவர்கிட்ட ஒப்பிச்சுடுவேன். கூட்டாம, கொறைக்காம."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பயமுறுத்தியது. ஆனால் பயத்தோடு கூடவே ஒரு குறுகுறுப்பும் வந்து ஒட்டிக்கொண்டதை மறைக்க முடியாது. உலகத்தில் யாருமே இனிமேல் போடாத ஒரு பானம், என்னைவிட நான்கு வயது மூத்தது, என் கையில். அது இனிக்குமா, புளிக்குமா, கசக்குமா? டைப் அடிக்கையில் 'வெயிட்' என்பதற்குப் பதிலாக 'வைன்' என்று அடித்தேன். மேனேஜர் இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டார்.

திறப்பதில்தான் சிக்கல். நான் குடியிருந்த செம்மண்டலம் வீட்டில் ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுச் சொந்தக்காரர், ஹெட் கான்ஸ்டபிள் பொன்னுரங்கம். நான் தும்மினால் அங்கிருந்து "கஷாயம் வேணுமா சார்?" என்று கேட்பார். காது அவ்வளவு கூர்மை என்றால் நான் என்ன செய்ய? ரேடியோவைச் சத்தமாக வைத்து, கத்தியால் தக்கையைக் குடைந்தேன், கத்தி வளைந்தது. ஆணியால் குத்தினேன், ஆணி உள்ளேயே தங்கிவிட்டது.

சிதம்பரத்தில் ராமாமிர்தம் என்று ஒரு ரிட்டயர்டு ரயில்வே அதிகாரி இருந்தார். டாக்டர் சர்டிபிகேட் கொடுத்து, உடம்புக்காக என்று பர்மிட் வாங்கிக் குடிப்பவர். சட்டப்படி குடிக்க எனக்குத் தெரிந்த ஒரே வாய் அதுதான். அவர் குடித்துச் சொன்னால் நான் பாயிடம் ஒப்பிப்பேன், பாய் ஆல்பினோவிடம் ஒப்பிப்பார். நடுவில் எனக்கும் ஒரு வாய். திட்டம் பிரமாதம்.

ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பெருக்கு. எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்; ஆடிக்கு மனைவி ஞானாம்பாளை அவள் வீட்டார் சிதம்பரத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். ஆடியில் புது மாப்பிள்ளைக்கு விருந்து உண்டு, பெண்டாட்டி கிடையாது. விருந்துக்குப் போகிற சாக்கில் பையில் பாட்டிலைத் துண்டால் சுற்றி வைத்து ரயிலேறினேன். ராமாமிர்தம் சாயங்காலம்தான் வீட்டில் இருப்பார் என்று ஸ்டேஷனிலேயே தெரிந்தது. வேறு வழியில்லாமல் பையும் நானும் மாமனார் வீட்டுக்குப் போனோம்.

மாமனார் தில்லைநாதன் கதர்க்கடையில் மேலாளர். அது போதாதென்று மதுவிலக்குப் பிரசாரக் கமிட்டி மெம்பர். அன்று சாயங்காலம் கீரப்பாளையத்தில் அவருக்குக் கூட்டம். அவர் பேச ஆரம்பித்தால் முதல் வரிசையிலேயே தூங்கிவிடுவார்கள் என்று ஞானாம்பாள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

மாமியார் ரத்தினம்மாள் என் எதிரில் வரமாட்டார்கள், பேசமாட்டார்கள். புது மாப்பிள்ளை. அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து அவர்கள் சொல்ல, மாமனார் அதை எனக்குச் சொல்ல, என் பதில் அதே வழியாகத் திரும்பிப் போக வேண்டும். ஆனால் மாப்பிள்ளை கொண்டுவந்த பையைத் திறந்து பார்ப்பதற்கு எந்தத் தடையும் கிடையாது. நான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து சத்தம் கேட்டது.

"ஏங்க, பாட்டில் என்னான்னு கேளுங்க."

மாமனார் முற்றத்துக்கு வந்தார். மார்பில் கமிட்டி பேட்ஜ். "மாப்பிள, அந்தப் பாட்டில்ல என்னாங்க?"

இன்னொரு செம்பு தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டேன். கிறிஸ்துவர்களின் வேதக்கோயில் பக்கம் போகையில் காதில் விழுந்த ஒரு வார்த்தை எங்கிருந்தோ வந்து கைகொடுத்தது.

"ரசம், மாமா. திராட்சை ரசம்."

"திராட்சை ரசமாம், ரத்தினம்!" என்று அவர் அடுக்களைக்குக் குரல் கொடுத்தார்.

அந்த நிமிஷத்தில் அடுக்களையின் நிலவரம் என்ன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆடிப்பெருக்குக்குப் புளிச்சோறு கிளறியதில் வீட்டுப் புளி மொத்தமும் தீர்ந்துவிட்டிருந்தது. ரசத்துக்கு என்ன செய்வது என்று மாமியார் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். கடவுளே அனுப்பியதுபோல மாப்பிள்ளை ரசமே கொண்டுவந்துவிட்டார்! மத்துக் காம்பால் ஓர் அழுத்து. நான் ஒரு வாரம் போராடிய தக்கை உள்ளே விழுந்தது. மோந்து பார்த்தார்கள்: நல்ல புளிப்பு. சாய்த்துப் பார்த்தார்கள்: அடியில் ஒரு விரற்கடை மண்டி. புளிப்பும் மண்டியும் இருக்கிறது, பெயரும் ரசம். பின்னே அது வேறு என்னவாம்?

"பாவம், அவுங்க ஊர்ல அடுப்புல வெக்கத் தெரியல போலிருக்கு. மொளகு கூட போடல" என்று ஞானாம்பாளிடம் அங்கலாய்த்தார்களாம். பிறகு துணியில் வடிகட்டி, பருப்புத் தண்ணீர் விட்டு, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கி, நெய்யில் கடுகு தாளித்தார்கள். ரசத்தைக் கொதிக்கவிடக் கூடாது, நுரைத்ததும் இறக்கிவிட வேண்டும். நல்ல ரசத்துக்கு அதுதான் இலக்கணம். ஒயினில் இருந்த சமாச்சாரம் ஆவியாகாமல் தங்கியதற்கும் அதுதான் காரணம்.

இலையில் மூன்று வகைச் சோறு முடிந்து ரசம் வந்தது. நிறத்தைப் பார்த்ததுமே எனக்குத் தலை சுற்றியது. கத்திரிக்காய்த் தோல் நிறத்தில் ஒரு ரசம் உலகத்தில் உண்டா?

"இது என்னா ரசம்?" என்றேன், ஞானாம்பாளிடம் மெதுவாக.

"நீங்க கொண்டாந்ததுதான்" என்றாள். அவள் கண்ணில் ஒரு சிரிப்பு இருந்தது. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அப்போதும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை.

மாமனார் ஒரு கரண்டி சோற்றில் விட்டுச் சாப்பிட்டார். நிமிர்ந்தார். "டம்ளர்ல ஊத்து" என்றார். ஒரு டம்ளர். இரண்டு. மூன்றாவது டம்ளரில் காது மடல் சிவந்தது. "மாப்பிள, உங்க மூக்கு நல்லா இருக்கு" என்றார். மூன்று மாதத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். என்னாலும் நிறுத்த முடியவில்லை. ஒரு டம்ளர் உள்ளே போனதும், ஆல்பினோவின் அப்பா, கழுதை, புதன்கிழமை எல்லாம் எங்கோ தூரத்தில் நடக்கிற கல்யாணம் மாதிரி ஆகிவிட்டது. இலையில் இருந்த வாழைப்பழம் என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் மரியாதைக்குச் சிரித்துவைத்தேன்.

கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். குதிரைவண்டியில் கீரப்பாளையம்வரை ஒரு பாட்டையே திரும்பத் திரும்பப் பாடினார். நான் தாளம் போட்டேன். மேடையில் ஏறியதும் வழக்கமாகப் படிக்கிற காகிதத்தை எடுத்தார், தலைகீழாகப் பிடித்தார், அப்புறம் அதைக் கசக்கிச் சட்டைப்பையில் வைத்துவிட்டார்.

"எதுக்குய்யா உங்களுக்குச் சாராயம்?" என்று கேட்டார். ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது. "வூட்டுல ரசம் இல்லியா? என் பொண்டாட்டி ரத்தினம் ரசம் வெக்கிறா. முப்பது வருசமா வெக்கிறா. நல்லாயிருக்குன்னு ஒருநாளாவது நான் சொன்னதுண்டா? இல்ல! இன்னிக்குச் சொல்றேன். அந்த ரசத்தைக் குடிச்சா மனுசன் பறக்கலாம்யா! நான் இப்ப பறந்துக்கிட்டிருக்கேன்!"

கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. நாலு பேர் அங்கேயே குடியை விட்டுவிடுவதாகச் சத்தியம் செய்தார்கள். மாலை மரியாதையோடு வீடு திரும்பி, அந்த மாலையை அவர் அடுக்களைக் கதவில் மாட்டினார். கதவுக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

கடலூருக்குத் திரும்பும் ரயிலில் எனக்குத் தெளிந்தது. உலகத்தில் மிச்சமிருந்த இரண்டு பாட்டிலில் ஒன்றைக் கடுகு தாளித்துக் குடித்தாயிற்று.

பாயிடம் எப்படிச் சொல்வேன்? திங்கட்கிழமை அவர் என் மேஜைக்கு வந்து நின்றபோது, வாய் தானாகத் திறந்தது. "பட்டு மாதிரி வழவழன்னு இருந்துச்சு பாய். ரோஜாப்பூ வாசனை. தொண்டையில தேன் மாதிரி எறங்குது."

"பட்டு. ரோஜா. தேன்" என்று பாய் விரல் மடக்கினார். புதன்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு தோணியில் போகும்போதும் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பட்டு, ரோஜா, தேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி. தலையைத் தொங்கப்போட்டிருந்த எனக்கு அலையால் குமட்டல் என்று தோணிக்காரன் நினைத்துக்கொண்டான்.

கப்பல் மேல்தளத்தில் ஆல்பினோ காத்திருந்தார். பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். உட்காரக்கூட இல்லை, "சொல்லு" என்றார், கப்பல்காரர்களின் உடைந்த இங்கிலீஷில்.

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நிமிர்ந்து நின்றார். "லைக் சில்க்" என்று ஆரம்பித்தார்.

நாற்பது வருஷமாகப் பொய் பேசாத வாய். அதில் என் பொய், சலவைச் சட்டை மாதிரி மடிப்புக் கலையாமல் வந்துகொண்டிருந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

"பாய், நிறுத்துங்க! அத்தனையும் பொய்!"

பாய் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வர்ணிக்கப் போவதில்லை.

எல்லாவற்றையும் கொட்டினேன். பாண்டியில் குடித்த பன்னீர் சோடாவிலிருந்து கடுகு தாளித்தது வரைக்கும். நான் தமிழில் சொல்லச் சொல்ல, பாய் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னார். வருத்தம் வேறு, வாக்கு வேறு அவருக்கு. "ஹிஸ் மதர் இன் லா, ஸ்பீக்கிங் நோ, டோர் பின்னாடி" என்று திணறியபோதுகூட விடவில்லை.

ஆல்பினோ ஓர் அடி முன்னால் வந்தார். கேட்டார்: "சூடாகவா?"

"ஆமா."

"மிளகு?"

"நெறைய."

"கிண்ணத்திலா குடித்தார்கள்?"

"டம்ளர்ல."

கிழவர் தொப்பியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன்; அழுகைதான், ஆனால் சிரிப்பும் அதற்குள்ளேயே இருந்தது.

"எங்க ஊர்ல பனி கொட்டுற காலைல, அப்பா ஒரு கிண்ணம் கறி சூப்பு எடுத்துக்குவாரு. சூடா. அதுல இந்த ஒயினைக் கடகடன்னு ஊத்துவாரு. மொளகைத் தூவுவாரு. கிண்ணத்தை அப்படியே தூக்கிக் குடிப்பாரு. நல்ல சூப்பும் போச்சு, நல்ல ஒயினும் போச்சுன்னு எங்கம்மா தினமும் கத்துவா. ஊர்ல கிழவனுங்க அத்தனை பேரும் இப்படித்தான். அப்பா கிளாஸ்ல ஊத்திக் குடிச்சு நான் பார்த்ததே இல்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு தூரம் வந்து, சரியாக் குடிச்சிருக்கீங்க. அந்தம்மாவுக்கு யார் சொல்லிக்குடுத்தது?"

அப்புறம் கேபினுக்குள் போய், கடைசிப் பாட்டிலைக் கொண்டுவந்தார். திருகாணி மாதிரி ஒரு கருவி. ஒரு திருகு, ஓர் இழுப்பு, தக்கை 'பொக்'கென்று வெளியே. அடடா, இவ்வளவுதானா! சமையல்காரனைக் கூப்பிட்டுச் சூப்பு வரவழைத்து, தன் கிண்ணத்தில் ஒயினை ஊற்றி மிளகு தூவினார். எனக்கு மட்டும் ஒரு கிளாசில் அரையளவு, சூடும் இல்லை, கடுகும் இல்லை. சும்மா ஒயின்.

குடித்தேன்.

பாய் என் பக்கத்தில் வந்து நின்றார். கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அதற்கு மேல் ஏதோ ஒன்று முகத்தில் துடித்துக்கொண்டிருந்தது. ஐந்து மாதம் வைக்கோலில் பொத்தி வைத்துக் காத்த மனுஷன். தான் என்றைக்கும் வாயில் வைக்கப்போகாத ஒன்று.

"எப்படி மச்சான் இருக்கு?" என்று ரகசியமாகக் கேட்டார். "நெசமாச் சொல்லு."

நான் இன்னொரு வாய் குடித்தேன். அவசரப்படவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு வார்த்தையைத் தேடித்தேடி எடுத்தேன்.

"பாய், உங்க குடோன்ல நாவப்பழக் கூடை வந்து எறங்குது. அன்னிக்குன்னு மழை. கோணிச்சாக்கெல்லாம் நனைஞ்சுபோச்சு. கதவைச் சாத்திட்டுப் போயிட்டு, மறுநாள் காலைல தொறக்கிறீங்க."

பாய் கண்ணை மூடிக்கொண்டார். மூக்கு லேசாக விரிந்தது. குடோன் கதவைத் திறந்தார் என்று நினைக்கிறேன்.

"ஆங்" என்றார். "வந்துடுச்சு."

பிறகு ஆல்பினோவிடம் திரும்பி, தொப்பியை மறுபடி சரிசெய்துகொண்டு, கணீரென்று ஒப்பித்தார்: "மை குடோன். ரெயின் டே. வெரி குட்."

கிழவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

மறுநாள் ஆபீசுக்கு மாமனாரின் தபால் கார்டு வந்திருந்தது. அடுத்த மாதம் மறுபடியும் கீரப்பாளையத்தில் கூட்டமாம். வரும்போது அந்தத் திராட்சை ரசம் இரண்டு பாட்டில் வாங்கி வரவும்.